எந்தப் பிரிவு? கடலில் காப்பகம் அறிவிக்கும் அரசின் அதிகாரமும் அதன் எல்லைகளும்

கடலில் ஓர் இடத்தைக் காப்பகமாக அறிவித்துவிட்டார்கள் என்ற செய்தி ஊருக்குள் வந்ததும் எல்லாரும் கேட்பது, “இனிமே வலை போடலாமா, கூடாதா?” இதற்குப் பதில் சொல்லும் முன் இன்னொன்றைத் தெரிந்துகொண்டாக வேண்டும். எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவின் கீழ் அறிவித்தார்கள்? சரணாலயம், தேசியப் பூங்கா, பாதுகாப்பகம், உயிர்க்கோளக் காப்பகம், ராம்சார் தலம் எல்லாமே ஊர்ப் பேச்சில் ‘காப்பகம்’தான். சட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கணக்கு. ஒன்றில் ஒரு கைப்பிடி பாசி எடுத்தாலும் குற்றம். இன்னொன்றில் வழக்கம்போலத் தொழிலுக்குப் போகலாம், வெடி போடக் கூடாது. வேறொன்றில் அந்தப் பெயரால் மட்டும் எந்தத் தடையும் வராது.

ஊர்க் கமிட்டிக்காரர்கள், மீனவர் சங்கப் பொறுப்பாளர்கள், அவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கும் இளம் வழக்கறிஞர்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம். காப்பகம் நல்லதா கெட்டதா என்ற வழக்கு இங்கே இல்லை. என் கருத்தைக் கேட்டால், பாக் விரிகுடாவில் ஆவுளியா (கடற்பசு) பிழைத்திருக்க ஒரு காப்பகம் வேண்டும். இழுவைமடி படாத கடற்புல் தரை நாட்டுப்படகுக்காரருக்கும் நன்மைதான். ஆனால் வரைபடத்தில் அரசு கோடு இழுத்துவிட்டால் மட்டும் கடல் மூடிக்கொள்ளாது. அந்தக் கோட்டை இழுக்குமுன் ஏறி வர வேண்டிய படிகளைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. படி தவறி வந்த காப்பகம் மீனவருக்கும் உதவாது, ஆவுளியாவுக்கும் உதவாது. என்றாவது ஒருநாள் நீதிமன்றத்தில் உடையும்.

கையில் காகிதம் வேண்டும்

மானியக் கோரிக்கையின்போது அமைச்சர் அவையில் படிக்கும் அறிவிப்பு சட்டம் ஆகாது. மறுநாள் பத்திரிகையில் வரும் படமும் செய்தியும் ஆகாது. அரசாணை வந்திருந்தாலும் அத்தோடு முடியவில்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 ‘அறிவிக்கை’ என்று சொல்லும் இடத்திலெல்லாம் அரசிதழில் வெளியான அறிவிக்கை என்றே பொருள். எனவே அரசாணை எண், தேதி, அரசிதழ் எண், தேதி, பிரிவு எண் ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒன்று கிடைக்கவில்லை என்றாலும் அதுவே உங்கள் முதல் கேள்வி.

கடற்பசுப் பாதுகாப்பகத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு அரசு அதைச் சட்டமன்றத்தில் சொன்னது 2021இல். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் சுமார் 448 சதுர கிலோமீட்டரை அது முறைப்படி அறிவித்தது 2022 செப்டம்பரில். இடைப்பட்ட ஓராண்டில் அந்தக் கடலில் ‘பாதுகாப்பகம்’ என்ற பெயரால் யாரையும் தடுத்திருக்க முடியாது. அவைப் பேச்சுக்கும் அரசிதழுக்கும் நடுவிலுள்ள அந்தக் காலம்தான் ஊர்க்காரர்கள் பேச வேண்டிய காலமும்கூட. பெரும்பாலும் அப்போதுதான் ஊர் அமைதியாக இருக்கும். அரசிதழ் வந்த பிறகு கொதிக்கும்.

காகிதம் கேட்பது வெறும் பிடிவாதம் இல்லை. ஒரு குடிமகனின் உரிமையைக் குறைக்கிற எந்த நடவடிக்கைக்கும் சட்டத்தின் துணை வேண்டும், ‘அரசின் செயலாட்சி அதிகாரம்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது என்பதை 1967இலேயே உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேச அரசுக்கு எதிரான பரத் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. அரசியலமைப்பின் 162ஆவது உறுப்பு மாநில அரசுக்கு நிர்வாக அதிகாரம் தருகிறது என்பது உண்மை. தொழிலுக்குப் போகிற ஒருவரைத் தடுத்து நிறுத்த அந்த உறுப்பு மட்டும் போதாது.

இதற்கு மன்னார் வளைகுடாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1989இல் அங்கே 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2001இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. ராமேசுவரத்திலிருந்து கன்னியாகுமரி வரை அந்தப் பெயர்ப் பலகைகளைப் பார்க்கலாம். ஆனால் வன உயிரினச் சட்டத்தில் ‘உயிர்க்கோளக் காப்பகம்’ என்றொரு வகையே கிடையாது. அது ஒரு நிர்வாகத் திட்டம். பணமும் ஆராய்ச்சியும் அதன் வழியே வரும், தண்டனை வராது. “இது பயோஸ்பியர், உள்ள வராதே” என்று ஓர் ஊழியர் சொன்னால், தேசியப் பூங்காவின் எல்லை எங்கே தொடங்குகிறது என்று அவரிடம் பணிவாகக் கேளுங்கள். தடை இருந்தால் அங்கேதான் இருக்கும்.

மாநிலத்தின் கை எவ்வளவு தூரம் நீளும்

சரணாலயம் அறிவிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு ஆட்சிக்கடல் வரைதான். கரையோர அடிக்கோட்டிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர். அதற்கப்பால் 200 கடல் மைல் வரையுள்ள தனிப் பொருளாதார மண்டலம் ஒன்றிய அரசின் கையில். 1976ஆம் ஆண்டின் கடல் மண்டலச் சட்டம் 7ஆவது பிரிவில், அந்த மண்டலத்தில் ஒரு பகுதியைத் தனியாகக் குறித்து, அங்கே கடல் சூழலைக் காக்க விதிகள் வகுக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குத் தருகிறது. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையும் இதே இடத்தில்தான் பாகம் பிரிக்கிறது: மீன்வளம் மாநிலப் பட்டியலில், ஆட்சிக்கடலுக்கு அப்பாலுள்ள மீன்பிடி ஒன்றியப் பட்டியலில். ஆழ்கடல் போகும் விசைப்படகுக்காரர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கரையோர நாட்டுப்படகுக்காரருக்கு இது அதிகம் தேவைப்படாது.

சரணாலயம்: கடலுக்கு மட்டும் மூன்று நிபந்தனை

சரணாலயத்தைப் பற்றிய பிரிவுகளை 18இலிருந்து 26-ஏ வரை வரிசையாகப் படித்தால் ஒரு வேடிக்கை தெரியும். நிலத்தில் சரணாலயம் அமைக்க வேண்டுமென்றால் அரசு முதலில் தன் கருத்தை அறிவிக்க வேண்டும். பிறகு மாவட்ட ஆட்சியர் பகுதி மொழியில், சுற்றியுள்ள ஒவ்வொரு ஊரிலும் பிரகடனம் வெளியிட வேண்டும். உரிமை கோருபவர்களுக்கு இரண்டு மாத அவகாசம். ஒவ்வொரு கோரிக்கையையும் விசாரித்து ஏற்பதோ, மறுப்பதோ, விலைக்கு எடுப்பதோ நடக்க வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் இறுதி அறிவிக்கை.

18ஆவது பிரிவு அந்த நடைமுறையிலிருந்து இரண்டை விலக்கி வைத்திருக்கிறது: காப்புக்காடு, ஆட்சிக்கடல். கடல் என்றால் அரசு நேராக 26-ஏ பிரிவுக்குப் போய்விடலாம். ஆட்சியர் விசாரணை இல்லை, இரண்டு மாத அவகாசம் இல்லை, ஊர் ஊராகப் பிரகடனம் இல்லை. பட்டா உள்ளவனுக்குக் கதவு இருக்கிறது; தலைமுறை தலைமுறையாக ஒரே பாட்டில் (மீன்பிடி இடத்தில்) வலை வீசுபவனுக்கு இல்லை.

அதற்கு ஈடாக 1991ஆம் ஆண்டுத் திருத்தம் 26-ஏ பிரிவில் இரண்டு நிபந்தனை வாசகங்களைச் சேர்த்தது. இந்த அத்தியாயத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் அவைதான். அவற்றில் அடங்கிய நிபந்தனைகள் மூன்று. ஆட்சிக்கடலின் எந்தப் பகுதியையும் சரணாலயத்தில் சேர்ப்பதற்கு ஒன்றிய அரசின் முன் இசைவு பெற வேண்டும். சேர்க்கப்படும் கடலின் எல்லையை ஒன்றிய அரசின் தலைமைக் கடற்படை நீர்வரைவியலாளரைக் கலந்து முடிவு செய்ய வேண்டும். அந்த எல்லை முடிவாவது, உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதுமான நடவடிக்கைகள் எடுத்த பின்னரே.

முதல் நிபந்தனையில் ‘முன்’ என்பது முக்கியம். அறிவித்துவிட்டுப் பிறகு தில்லிக்குக் கடிதம் எழுதினால் அது இசைவு ஆகாது. இரண்டாவதைப் பலரும் சடங்காக எண்ணுகிறார்கள். கடல் வரைபடம் தயாரிக்கும் அலுவலகம் கடலே இல்லாத டேராடூனில் இருக்கிறது. அங்கே போய் யார் கேட்கப் போகிறார்கள் என்ற நினைப்பு. ஆனால் எல்லை எங்கே என்பதில் தெளிவில்லாத அறிவிக்கையால் கடலில் என்ன பாடு படுகிறோம் என்பது மன்னார் வளைகுடாக்காரர்களுக்குத் தெரியும். அங்கே தேசியப் பூங்காவின் எல்லை, தீவின் கரைப்பக்கம் மூன்றரை பாகம் ஆழம், கடல்பக்கம் ஐந்து பாகம் ஆழம் என்று வகுக்கப்பட்டிருக்கிறது. பாகத்தில் ஆழம் சொல்வது நம் ஆட்களுக்குப் பழக்கம்தான். ஆனால் மணல் நகரும், பார் உடையும், ஓதம் ஏறும் இறங்கும். இரவில் ஒரு வத்தைக்காரர் தான் ஐந்து பாகத்துக்கு உள்ளே நிற்கிறாரா வெளியே நிற்கிறாரா என்பதை எதை வைத்து நிரூபிப்பார்? புதிதாக வரும் எந்த அறிவிக்கையிலும் அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகள் அட்டவணையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஊரிலுள்ள ஜிபிஎஸ் கருவிகளில் அவற்றை ஏற்றி, ஒருமுறை சுற்றி வாருங்கள். ஊர்ப் பாடுகளில் எவையெல்லாம் உள்ளே விழுகின்றன என்று அப்போதுதான் தெரியும்.

மூன்றாவது நிபந்தனைதான் உங்கள் கையில் இருக்கும் பலமான ஆயுதம். ‘போதுமான நடவடிக்கை’ எது என்று சட்டம் வரையறுக்கவில்லை. அதனால் அது அதிகாரியின் விருப்பம் என்று நினைத்துவிடக் கூடாது. எடுத்ததாகச் சொல்லும் நடவடிக்கை என்ன, அது எந்தத் தொழிலுக்கு, எத்தனை குடும்பத்துக்கு, எல்லையை முடிவு செய்யும் முன்னரே எடுக்கப்பட்டதா என்று கேட்க முடியும். கோப்பில் அதற்கான பதில் இருக்க வேண்டும். காப்பகம் அறிவித்து மூன்று வருடம் கழித்துத் தையல் மெஷின் வழங்கும் விழா நடத்துவது நல்ல காரியமாக இருக்கலாம். 26-ஏ கேட்கும் முன்நடவடிக்கை அது ஆகாது என்பது என் வாதம். படகுகள் போய்வரத் தனி வழி, கரைவலைக்கு விலக்கு, குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் தடை, பாசி எடுக்கும் பெண்களுக்கு நாள் கணக்கு என்று தொழில்வாரியாகப் பிரித்துக் கேட்பவர்களுக்குத்தான் பேச்சுவார்த்தையில் இடம் கிடைக்கும். “மீனவர் வாழ்வாதாரம் பாதிக்கும்” என்ற ஒற்றை வரி மனு கோப்பின் அடியில் போய்விடும். ராமநாதபுரம் கரையில் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் இத்தனை நாள்தான் தீவுப் பக்கம் போவோம் என்று தாங்களே ஒழுங்கு வகுத்துக்கொண்டார்கள். அந்த மாதிரி ஊர் ஒழுங்கு எதுவாக இருந்தாலும் எழுத்தில் போட்டு வைத்திருங்கள். போதுமான நடவடிக்கை எப்படி இருக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

26-ஏ பிரிவின் இரண்டாவது உட்பிரிவையும் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஆட்சிக்கடல் வழியே எந்தக் கப்பலும் படகும் தீங்கின்றிக் கடந்து போகும் உரிமையைச் சரணாலய அறிவிக்கை பாதிக்காது என்கிறது அது. சரணாலயத்துக்கு அப்பாலுள்ள பாட்டுக்குப் போகும் வழியில் அதன் ஊடாகப் போவது மட்டும் குற்றமாகாது என்று இதை வைத்து வாதிடலாம். வலையைச் சுருட்டி உள்ளே வைத்து, நங்கூரம் போடாமல், நிற்காமல் போக வேண்டும். நின்று தூண்டில் விட்டால் அந்த வாதம் அங்கேயே முடிந்தது.

ஒடிசாவின் கஹிர்மாதா கடல் சரணாலயம் 1997இல், இந்த நிபந்தனைகள் சட்டத்தில் ஏறிய பிறகு வந்தது. 1,435 சதுர கிலோமீட்டர், பங்குனி ஆமைகளுக்காக. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்த தேசியப் பூங்கா அறிவிக்கை 1986இல், இந்த நிபந்தனைகள் வருமுன் வந்தது. ஆகவே “26-ஏ நிபந்தனை எங்கே?” என்ற கேள்வியை 1986ஆம் ஆண்டு அறிவிக்கையின் மீது போட்டால் அரசுத் தரப்பு வழக்கறிஞர் சிரித்துக்கொண்டே தேதியைக் காட்டுவார். எல்லையை இன்று புதிதாக விரித்தால் அப்போது அதே கேள்வி உயிர் பெறும்.

தேசியப் பூங்கா: இறுக்கமான பூட்டு

தேசியப் பூங்காவுக்கு 35ஆவது பிரிவு. கடற்பகுதியைச் சேர்ப்பதானால் 26-ஏ பிரிவின் நிபந்தனைகள் இங்கும் பொருந்தும் என்று 35(1) சொல்கிறது. அதோடு ஒரு பெரிய வேறுபாடு. சரணாலயத்தில், ஆட்சியர் நினைத்தால் ஒருவரின் பழைய உரிமையைத் தொடர விடலாம். அதற்கு 24(2)(சி) வழி தருகிறது. தேசியப் பூங்காவுக்கு அந்த ஓர் உட்கூறை மட்டும் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. உள்ளே யாருடைய உரிமையும் மிச்சம் இருக்கக் கூடாது என்பதே தேசியப் பூங்காவின் கொள்கை. ‘வன உயிரினம்’ என்ற சொல்லுக்குள் மீன், முதுகெலும்பில்லாதவை, நீர்த்தாவரம் எல்லாமே அடக்கம் என்பதால் சங்கும் பாசியும் 35(6) தடைக்குள் வந்துவிடும்.

இங்கே பார்க்க வேண்டியது, உங்கள் கையிலிருக்கும் அறிவிக்கை 35(1) கீழ் வந்த கருத்தறிவிப்பா, 35(4) கீழ் வந்த இறுதி அறிவிக்கையா என்பது. கோரிக்கைகள் எல்லாம் தீர்க்கப்பட்டு, நிலத்தின் மீதுள்ள உரிமைகள் அரசிடம் வந்த பின்னரே இறுதி அறிவிக்கை வெளியிடலாம். இந்தியாவில் பல பூங்காக்களும் சரணாலயங்களும் கருத்தறிவிப்போடு பல்லாண்டு கிடந்திருக்கின்றன. 1996இல் பிரதீப் கிருஷண் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது இதுதான்: இறுதி அறிவிக்கை வராத மத்தியப் பிரதேசச் சரணாலயங்களிலும் பூங்காக்களிலும் பீடி இலை எடுக்க அந்த அரசு அனுமதித்த விவகாரம். உரிமைகளைத் தீர்க்காமல் அங்குள்ள கிராமத்தாரைத் தடுக்க முடியாது என்ற நிலையை ஏற்ற நீதிமன்றம், அப்படியே இழுத்தடித்ததற்காக அரசைக் கடிந்து, ஆறு மாதத்துக்குள் நடவடிக்கையைத் தொடங்கி விரைந்து முடிக்கச் சொன்னது. இந்தத் தீர்ப்பைக் கையில் எடுக்கும்போது கவனம் தேவை. இரண்டு பக்கமும் வெட்டும் தீர்ப்பு அது. “இறுதி அறிவிக்கை எங்கே?” என்று கேட்டு வழக்குப் போட்டால், “சரி, ஆறு மாதத்தில் கொண்டு வா” என்று உத்தரவு வரலாம்.

பாதுகாப்பகம்: இளகிய பிரிவு

2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 36-ஏ பிரிவுதான் கடற்பசுப் பாதுகாப்பகத்தின் அடிப்படை. பெயரைக் கேட்டுப் பயப்படுபவர்கள் அதன் இரண்டாவது உட்பிரிவைப் படிக்க வேண்டும். சரணாலயப் பிரிவுகளில் எவை பாதுகாப்பகத்துக்கும் பொருந்தும் என்று அது பட்டியலிடுகிறது. சரணாலயத்துக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்தும் 27(1), வன உயிரினத்தையோ வாழிடத்தையோ அழிப்பதைத் தடுக்கும் 29 இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லை. இருப்பவை: தீ வைக்கத் தடை, வெடியும் நஞ்சும் பயன்படுத்தத் தடை, குற்றத்தைத் தடுக்கவும் குற்றவாளியைப் பிடிக்கவும் உதவும் கடமை போன்றவை. ஆவுளியாவைப் பிடிப்பது எல்லாக் கடலிலும் குற்றம். அதற்குப் பாதுகாப்பகம் தேவையில்லை. ஆகவே 36-ஏ அறிவிக்கையை மட்டும் காட்டி ஒரு நாட்டுப்படகைத் திருப்பி அனுப்ப முடியாது. இழுவைமடியைத் தடுக்க வேண்டுமென்றால் அரசு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983இன் கீழ் தனியாக ஆணை போட வேண்டும். அது மீன்வளத் துறையின் வேலை. அப்படிப்பட்ட தடைகளுக்கு நீதிமன்றம் பகையும் அல்ல: கேரளத்தின் இத்தகைய சட்டத்தின் கீழ் ஆட்சிக்கடலில் சுருக்குமடி போன்ற வலைகளுக்கு வந்த தடையை, பாரம்பரிய மீனவரின் பிழைப்பைக் காட்டி உச்ச நீதிமன்றம் 1993இல் ஜோசப் அந்தோணி வழக்கில் உறுதி செய்தது.

36-ஏ அரசுக்குப் போடும் நிபந்தனைகள் இரண்டு. உள்ளூர்ச் சமூகங்களோடு கலந்தாலோசித்த பின்னரே அறிவிக்கலாம். அந்தப் பகுதி ‘அரசுக்குச் சொந்தமானதாக’ இருக்க வேண்டும். இரண்டாவதில் சட்ட வாதத்துக்கு நிறைய இடமுண்டு. கடலடியில் உள்ள செல்வங்கள் ஒன்றிய அரசுக்கு உரியவை என்கிறது அரசியலமைப்பின் 297ஆவது உறுப்பு. அப்படியிருக்க, கடல் எந்த அரசுக்குச் சொந்தம், ஒன்றிய இசைவு பெறப்பட்டதா என்று வழக்கறிஞர்கள் கேட்கலாம். ஊருக்கு முக்கியமானது முதலாவது. கலந்தாலோசனை எப்படி நடக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கல்யாண மண்டபத்தில் டீ, பிஸ்கட் கொடுத்து வருகைப் பதிவேட்டில் வாங்கிய கையெழுத்து நாளைக்குச் ‘சம்மதம்’ என்று கோப்பில் உட்காரும். கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘கூட்டத்துக்கு வந்ததற்கு மட்டும்’ என்று எழுதத் தயங்காதீர்கள். உங்கள் கருத்தைக் கிராம சபையில் தீர்மானமாகப் போடுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை எப்படியும் கூடும். ஊர்க் கமிட்டியின் தீர்மானத்துக்குக் கரையில் உள்ள மதிப்பு கச்சேரியில் இல்லை; கிராம சபைத் தீர்மானத்துக்கு உண்டு.

அறிவித்த பிறகு 36-பி பிரிவின்படி நிர்வாகக் குழு அமைக்க வேண்டும். வனத்துறை, ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பிரதிநிதி, மூன்று தொண்டு நிறுவனங்கள், வேளாண் துறை, கால்நடைத் துறை. கடல் காப்பகக் குழுவில் மாட்டு டாக்டருக்கு நாற்காலி இருக்கிறது, மீன்வளத் துறைக்கும் மீனவருக்கும் பெயர் சொல்லி நாற்காலி இல்லை! காட்டை மனதில் வைத்து எழுதிய சட்டம் என்பது இங்கே அப்பட்டமாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் தலைமைச் செயலகத் துறை கால்நடை, பால்வளம், மீன்வளம், மீனவர் நலம் எல்லாம் சேர்ந்த ஒன்று என்பதால், அந்த இடத்துக்கு மீன்வள அதிகாரி ஒருவரை அனுப்பச் சொல்லி இப்போதே எழுதிக் கேளுங்கள். ஊராட்சிப் பிரதிநிதி கடல் தொழில் தெரிந்தவராக இருக்கும்படி ஊரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோப்பைக் கேட்பது

மேலே சொன்ன நிபந்தனை ஒவ்வொன்றும் கோப்பில் ஒரு கடிதமாக, ஒரு குறிப்பாகத் தடம் விட்டிருக்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் அதைக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒன்று, தில்லியில் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு ஒன்று எனத் தனித்தனியே அனுப்புங்கள். மாதிரி:

“_____ கடற்பகுதியைச் சரணாலயமாக அறிவித்தது தொடர்பாக: ஒன்றிய அரசின் முன் இசைவுக் கடிதத்தின் எண், தேதி, நகல். தலைமைக் கடற்படை நீர்வரைவியலாளரைக் கலந்தாலோசித்த கடிதங்களின் எண், தேதி. உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்க, எல்லை முடிவு செய்யப்படும் முன் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளைக் காட்டும் கோப்புக் குறிப்புகளின் நகல். மாநில வன உயிரின வாரியம் இது பற்றி ஆலோசனை வழங்கிய கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. எல்லைப் புள்ளிகளின் அட்டவணை.”

நீர்வரைவியலாளர் விஷயத்தில் எண்ணும் தேதியும் மட்டும் கேட்டால் போதும். வரைபடத்தைக் கேட்டால் நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லி மொத்த மனுவையும் மறுக்க வழி கிடைத்துவிடும். “ஏன் அறிவித்தீர்கள்?” என்பது போன்ற கேள்விகளையும் தவிர்க்கவும், தகவல் அலுவலர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல, இருக்கும் காகிதத்தைத் தருவதே அவர் வேலை. “அத்தகைய ஆவணம் இந்த அலுவலகத்தில் இல்லை” என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அந்த ஒரு வரிதான் உங்கள் வழக்கின் முதல் இணைப்பு ஆவணம்.

எல்லையைச் சுருக்க வரும்போது

இதுவரை சொன்னது காப்பகம் வருவதைப் பற்றி. அதே அரசு துறைமுகத்துக்கோ வேறு திட்டத்துக்கோ காப்பகத்தின் ஓர் ஓரத்தை வெட்டவும் வரலாம். அப்போது இந்தப் பூட்டுகள் மறுபக்கம் வேலை செய்யும். சரணாலயத்தின் எல்லையையும் தேசியப் பூங்காவின் எல்லையையும் தேசிய வன உயிரின வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் மாநில அரசு மாற்றக் கூடாது என்று 26-ஏ(3), 35(5) பிரிவுகள் சொல்கின்றன. 2000 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தன் அனுமதியின்றிக் காப்பு நீக்கம் கூடாது என்றும் ஆணையிட்டது. 36-ஏ பாதுகாப்பகத்துக்கு அந்தப் பிரிவில் இப்படி ஒரு தடை எழுதப்படவில்லை. எளிதில் வந்தது எளிதில் போகவும் கூடும். கடற்பசுப் பாதுகாப்பகத்தை ஆதரிக்கும் நாட்டுப்படகுச் சங்கங்கள் இந்தப் பலவீனத்தை இப்போதே கவனிக்க வேண்டும்.

எங்கே போவது

சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். தீர்ப்பாயம் விசாரிக்கக்கூடிய சட்டங்களின் அட்டவணையில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இல்லை. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மீறல் என்றால் அது சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால் தீர்ப்பாயம் பொருந்தும். பூங்காவைச் சுற்றிச் சூழல் கூருணர்வு மண்டலம் அறிவிக்கும் வரைவு வந்தாலும் அது இதே சட்டத்தின் கீழ்தான். அங்கே ஆட்சேபணை தெரிவிக்கப் பொதுவாக 60 நாள் அவகாசம் உண்டு. அந்த நாள்களை விட்டுவிட்டுப் பிறகு புலம்பிய ஊர்கள் பல.

சரணாலய, பூங்கா, பாதுகாப்பக அறிவிக்கைகளை எதிர்த்து 226ஆவது உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தஞ்சாவூரிலிருந்து கன்னியாகுமரி வரையுள்ள தென்கடலோர மாவட்டங்களில் தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆறுக்கும் மதுரைக் கிளை. படகைப் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். தாமதமே மனுவைத் தள்ளுபடி செய்யக் காரணமாகலாம். தகவல் உரிமைப் பதில் வந்த தேதியிலிருந்து நாள் எண்ணத் தொடங்குங்கள். அறிவிக்கையை முழுவதுமாக ரத்து செய்யக் கேட்பதைவிட, நிபந்தனையை நிறைவேற்றும் வரை இன்ன தொழிலுக்கு இன்ன பாட்டில் தடை கூடாது என்று கேட்கும் மனுவுக்கு நீதிபதிகள் காது கொடுப்பார்கள் என்பது என் எண்ணம். மனுவோடு அரசிதழ் நகல், தகவல் உரிமைப் பதில்கள், கிராம சபைத் தீர்மானம், ஊர்ப் பாடுகளையும் காப்பக எல்லைப் புள்ளிகளையும் ஒரே தாளில் குறித்த வரைபடம், தொழில்வாரியாகப் படகுப் பட்டியல், மீன்வளத் துறையின் படகுப் பதிவுச் சான்றுகள் ஆகியவற்றை இணைக்கவும். பாசி எடுப்பவர்களுக்கும் சங்கு குளிப்பவர்களுக்கும் படகுப் பதிவு பெரும்பாலும் இருக்காது. அவர்களுக்கு மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டையின் நகலைத் தனியாகச் சேர்க்கவும்.